பெத்தது ஏழு, வளந்தது நாலு

851.

இந்த நம்பரைக் கொஞ்ச நேரம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான் இருந்தார்கள். அதே வருஷம் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண் 942.

இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாத்தான் பிறக்கும். 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண்னு வெச்சுக்கலாம். கால்குலேட்டர்ல போட்டா ஆயிரத்துக்கு 950 சொச்சம் வரும். அப்போ 851ன்னா, ஆயிரம் பையனுங்க விளையாடுற இடத்துல நூறு பொண்ணுங்க இருக்க வேண்டிய இடம் காலியாக் கிடக்குன்னு அர்த்தம்.

மூணாவது வருஷம் ஒரு மினி ப்ராஜெக்டுக்காக இந்த டேபிளை டவுன்லோட் பண்ணினேன். சேலத்துக்கு நேரா இருந்த கட்டத்துக்குச் சிவப்புக் கலர் அடிச்சு, "அவுட்லையர்"னு ஸ்லைடுல எழுதி, பிரசென்ட் பண்ணி, மார்க்கும் வாங்கிட்டேன். அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள்ள எங்க வீட்டுக் கணக்கும் ஒண்ணு இருக்குன்னு தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆச்சு.

இந்தக் கட்டுரைல என் பேர் இருக்காது. எடிட்டோரியல் டீம்ல பேசித்தான் அப்படி முடிவு பண்ணினோம். எழுதலாமான்னு அம்மாகிட்ட கேட்டப்ப, "எழுதிக்கோ. ஊர் பேரு, ஆள் பேரு வேண்டாம்"னு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. அதனால அப்பா வீடு எடப்பாடிப் பக்கம், அம்மா பொறந்த வீடு திருச்செங்கோட்டுப் பக்கம்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் இங்க கோயம்புத்தூர்ல பயோமெடிக்கல் ஃபைனல் இயர்.

எங்க வீட்டுப் பொம்பளைங்க நல்லாப் பேசுவாங்க. கல்யாண வீட்டுல ஆசாரத்துல உக்காந்தா ஒறம்பரைல யார் யாருக்கு எத்தனை ஏக்கர், யார் மருமக எவ்வளவு பவுன் போட்டு வந்தா, யார் தறிய வித்தாங்கன்னு எல்லாம் வரும். புள்ளைங்க கணக்கும் வரும். அதுல பழைய பாட்டிங்க ஒரு மாதிரி சொல்லுவாங்க, நீங்களும் கேட்டிருக்கலாம். "அவளுக்கு என்ன, பெத்தது ஏழு, வளந்தது நாலு." எங்க அம்முச்சியோட அம்மாவுக்கு அதுதான் கணக்கு. சின்ன வயசுல எனக்கு இது பரீட்சை ரிசல்ட் மாதிரி கேக்கும். எழுதினது ஏழு பேர், பாஸானது நாலு பேர். மீதி மூணு பேர் என்ன ஆனாங்கன்னு நான் கேட்டதில்ல. எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்ற ஒரு விஷயத்துக்குள்ள ரகசியம் இருக்கும்னு யாருக்குத் தோணும்?

ஒண்ணை இங்கயே சொல்லிடணும். அந்த வித்தியாசம் மொத்தமும் பாவக் கணக்கு கிடையாது. 1971இல்கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயசுக்குள்ள இறந்துபோனாங்க. காய்ச்சல், பேதி, அம்மை, ஜன்னி, ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டில போற தூரம்னு காரணம் நிறைய. அதனாலதான் அந்த வாக்கியம் அவ்வளவு சௌகரியமா இருந்துச்சு. காய்ச்சல்ல போன புள்ளையையும், வேற மாதிரி போன புள்ளையையும் ஒரே கணக்குல சேத்துடலாம். யாரும் பிரிச்சுக் கேக்க மாட்டாங்க.

என்னைப் பத்தியும் எங்க வீட்டுல ஒரு ஃபேமஸ் ஜோக் உண்டு. "ஸ்கேன்ல பையன்னு சொன்னாங்க, பொறந்தது பாத்தா இவ!" காதுகுத்து, வளைகாப்பு, எதுன்னாலும் யாராவது ஒருத்தர் இதை எடுத்து விடுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். ஒரு மெஷின் என்னை எப்படித் தப்பாப் பாத்திருக்கும்ங்கிற கேள்வி மண்டைக்குள்ள இருந்துட்டே இருந்துச்சு. கவுன்சிலிங்ல பயோமெடிக்கல் எடுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த மெஷினோட கதை நம்ம மாதிரி எஞ்சினியரிங் ஆளுங்களுக்குப் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்கிற ஊர் கப்பல் கட்டும் ஊர். உலோகத்துக்குள்ள விரிசல் இருக்கான்னு பாக்க அல்ட்ராசவுண்ட் கருவி உண்டு. 1950களில் இயான் டொனால்ட் என்கிற மகப்பேறு மருத்துவரும், டாம் பிரௌன் என்கிற இளம் எஞ்சினியரும் சேர்ந்து அந்தக் கருவியை மனித உடம்புப் பக்கம் திருப்பினாங்க. 1958இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவங்க கட்டுரை வந்தது. வயிற்றுக் கட்டியைக் கண்டுபிடிக்கவும், குழந்தை ஒழுங்கா வளருதான்னு பாக்கவும் தொடங்கின டெக்னாலஜி அது. எத்தனையோ தாய்களையும் பிள்ளைகளையும் காப்பாத்தியிருக்கு. அதே மெஷின்கிட்ட நம்ம ஊர்ல வேற ஒரு கேள்வியைக் கேட்டாங்க.

போன வருஷம் அம்முச்சி கண்புரை ஆபரேஷனுக்காக இங்க கோயம்புத்தூர் வந்தாங்க. சிங்காநல்லூர்ல சொந்தக்காரங்க வீட்டுல ரெண்டு வாரம் தங்கினாங்க. காலைலயும் சாயங்காலமும் ஹாஸ்டல்ல இருந்து போய்க் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடறது என் வேலை. மருந்து விட்டா கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கணும். அந்த நேரத்துல பேசிட்டிருப்போம். ஒரு நாள், "நீ என்னதான் கண்ணு படிக்கறே, டாக்டருக்கா, மெக்கானிக்குக்கா?"ன்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுலன்னு சொல்லி, ஸ்கேன் மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்க ஆரம்பிச்சேன். குழந்தை திரும்பிப் படுத்திருந்தா ஆணா பொண்ணான்னு தப்பாத் தெரிய வாய்ப்பிருக்கு, என் விஷயத்துலயும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு பெரிய நிபுணி மாதிரி சொல்லிட்டிருந்தேன்.

அம்முச்சி கண்ணைத் திறக்காமயே சிரிச்சாங்க. "மெசினு ஒண்ணும் சொல்லுல சாமி. நாங்க அங்க போகவே இல்ல."

அதுக்கப்புறம் மூணு நாள், காலைலயும் சாயங்காலமும், கொஞ்சம் கொஞ்சமா வந்த கதை இது. அம்மாகிட்ட கேட்டு மீதியைச் சேத்துக்கிட்டேன். வருஷப்படி சொல்றேன்.

1976இல் அம்மா பிறந்தாங்க. 1980இல் அம்முச்சிக்கு ரெண்டாவதும் பொண்ணு. வீட்டுலயே பிரசவம். மூணாவது நாள் அம்முச்சி தூங்கி எந்திரிச்சப்ப தூளி காலியா இருந்துச்சு. "பாலு பொரையேறிப் போச்சு"ன்னு மாமியார் சொன்னாங்க. பக்கத்துல இருந்த ரெண்டு பொம்பளைங்க தலையை ஆட்டினாங்க. அவ்வளவுதான். என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கலையான்னு அம்முச்சிகிட்ட கேட்டேன். "கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. அதுக்குப் பயந்துட்டுத்தான் கேக்கல"ன்னாங்க. அடுத்து ரெண்டு மாமாவும் பிறந்தாங்க. அம்முச்சியோட கணக்கு, பெத்தது நாலு, வளந்தது மூணு.

1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலா சேலம் மாவட்டத்துலதான் தொடங்குச்சு. வளக்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாதீங்க, தொட்டில்ல விட்டுட்டுப் போங்க, அரசாங்கம் பாத்துக்கும்னு ஒரு திட்டம். ஒரு அரசாங்கம் அப்படி ஒரு தொட்டிலை வைக்குதுன்னா, அதுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல இந்தச் செய்தி வந்தப்ப அம்மாவுக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்துல பேசிக்கிட்டதை வீட்டுல வந்து சொல்லியிருக்காங்க. அம்முச்சி பதில் சொல்லாம எந்திரிச்சுக் கட்டுத்தரைப் பக்கம் போயிட்டாங்களாம். இப்ப அதைக் கேட்டப்ப அம்முச்சி சொன்னது: "பன்னெண்டு வருசம் முந்தி வெச்சிருக்கலாமில்ல."

1995இல் அம்மாவுக்குக் கல்யாணம். 1997இல் அக்கா. 2000இல் அம்மா மறுபடி கர்ப்பம். இந்தத் தடவை தூளிக்கு வேலை இல்ல, மெஷின் வந்தாச்சு. கருவிலேயே ஆணா பெண்ணான்னு சொல்றதைத் தடுக்கும் சட்டம் 1994லயே வந்து, 1996 ஜனவரியில் இருந்து அமலிலும் இருந்துச்சு. ஆனாலும் அப்பத்தா விசாரிச்சு வெச்சிருந்த ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க யாரும் வாயால எதுவும் சொல்லல. வெளில வந்தப்ப அப்பத்தா முகத்தைப் பாத்தே அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த வாரம் வேற ஒரு ஊர், வேற ஒரு ஆஸ்பத்திரி. ஒறம்பரைக்கெல்லாம் "கலைஞ்சிருச்சு"ன்னு சொன்னாங்க. தமிழ்ல பாருங்க, கலைஞ்சுது, கலைச்சாங்க, நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

கருக்கலைப்பைப் பத்தி நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல. 1971 முதல் சட்டம் சில நிபந்தனைகளோட அனுமதிக்கிற விஷயம் அது. ஒரு பொண்ணு தன் உடம்புக்காக எடுக்கற முடிவு வேற. இங்க அம்மாகிட்ட யாரும் கேக்கவே இல்ல. "உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எனக்கே என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சிருக்காது. அப்ப எனக்கு இருவத்திநாலு வயசு"ன்னு அம்மா சொன்னாங்க. கருவிலேயே ஆணா பெண்ணான்னு சொல்றதைத் தடுக்கும் சட்டத்தோட 2003 திருத்தத்தைப் படிச்சப்ப ஒரு பிரிவு என்னை நிறுத்துச்சு. கர்ப்பிணியைக் கணவரோ சொந்தக்காரங்களோ கட்டாயப்படுத்தினாங்கன்னுதான் நீதிமன்றம் முதல்ல எடுத்துக்கணும், இல்லைன்னா அதை மத்தவங்க நிரூபிக்கணும்னு அது சொல்லுது. எந்த வீட்டுலயும் வாய் திறந்து சொல்லாத விஷயம், சட்டப் புத்தகத்துல ஒரு பிரிவா அச்சாகி இருக்கு.

ஆஸ்பத்திரில இருந்து அம்மா பத்து நாள் பொறந்த வீட்டுக்குப் போயிருந்தாங்க. மகள் முகத்தைப் பாத்ததும் அம்முச்சிக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. தன் அம்மாவுக்குப் புரிஞ்சிருக்குன்னு அம்மாவுக்கும் தெரியும். பத்து நாளும் ரெண்டு பேரும் சமையல் பத்தியும் எருமை பத்தியும் பேசினாங்க. கறிக்கொழம்பு வெச்சுக் கொடுத்து, எண்ணெய் தேச்சு ஊத்தி, பஸ் ஏத்தி விட்டாங்க. இந்தக் கதைலயே எனக்கு ரொம்ப வலிச்ச இடம் அதுதான். ஒரே வீட்டுல ஒரே மாதிரி காயத்தோட ரெண்டு பேர் இருந்திருக்காங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் அதைச் சொல்லல. 1980ஐ அம்முச்சி முன்னாடியே சொல்லியிருந்தா 2000 நடந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆனா அடுத்து நடந்ததைக் கேளுங்க.

2004 பொங்கல். அம்மா நாலு மாச கர்ப்பிணி, உள்ள இருக்கறது நான். பொங்கல் முடிஞ்சதும் அந்த இடத்துக்குப் போகணும்னு அப்பத்தா சொல்லி அனுப்பியிருந்தாங்க. பொடக்காளில உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்தப்ப அம்முச்சி ஆரம்பிச்சாங்க. "உனக்குப் பின்னால ஒண்ணு இருந்துது தெரியுமா?"

அம்மா சொன்னாங்களாம்: "தெரியும். நான் பாத்தேன்."

நாலு வயசுப் புள்ளை. தூளிக்குள்ள சின்னக் கை ஒண்ணு, அப்புறம் காலித் தூளி, பெரியவங்க கிசுகிசு. யாரும் எதுவும் சொல்லாததால அது கனவுன்னே அம்மா இருபத்து நாலு வருஷமா நெனச்சிட்டிருந்தாங்க. அன்னிக்குத்தான் கனவு இல்லைன்னு தெரிஞ்சுது. அம்மா 2000ஐப் பத்திச் சொன்னாங்க. வெங்காயம் உரிச்சதால அழுதது யாருக்கும் தெரியலன்னு அம்முச்சி இப்பவும் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அம்முச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினாங்க. ஸ்கேனுக்கு நாங்களே கூட்டிட்டுப் போறோம், செலவும் எங்களுதுன்னு. பொறந்த வீட்டுக்காரங்க செலவு பண்றேன்னா யார் வேண்டாம்பாங்க? ரெண்டு பேரும் கிளம்பித் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்க. ஒரு பெஞ்சுல உக்காந்தாங்க. டீ குடிச்சாங்க, ஆளுக்கு ரெண்டு வடை சாப்பிட்டாங்க. சங்ககிரி பஸ், ஈரோடு பஸ், நாமக்கல் பஸ்னு போற வர்ற பஸ்ஸெல்லாம் எண்ணிட்டு ரெண்டு மணி நேரம் இருந்தாங்க. அப்புறம் திரும்பி வந்து, "பையன்னு சொல்லிட்டாங்க"ன்னு அம்முச்சி அறிவிச்சாங்க.

அதுக்கப்புறம் அஞ்சு மாசம் எங்க அம்மாவுக்கு ராஜ உபசாரம். தறிப் பக்கமே விடல. நாட்டுக்கோழி என்ன, பழம் என்ன! நான் நல்ல எடையோட பிறந்ததுக்கு அந்தப் பொய்தான் காரணம்னு நெனைக்கறேன். ஜூன் மாசம் நான் பிறந்தப்ப, அம்முச்சி முதல் ஆளா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, "மெசினு பொய் சொல்லிப் போட்டுது!"ன்னு மத்தவங்களுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். அந்தக் கத்தல்தான் இருபத்தோரு வருஷமா எங்க வீட்டு ஜோக்கா ஓடிட்டிருக்கு. பாவம் அந்த மெஷின்.

அப்பத்தா நாப்பது நாள் கழிச்சுத்தான் என்னைப் பாக்க வந்தாங்க. ஆனா எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும். முதல் சைக்கிள் அவங்க ஆடு வித்து வாங்கிக் கொடுத்தது. 2000இல் அம்மாவைக் கூட்டிட்டுப் போன கையும் அதுதான். இந்த ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்க எனக்கு வரல, அப்படியே தனித்தனியா வெச்சிருக்கேன். அவங்க 2019இல் இறந்துட்டாங்க. அவங்க கணக்கு பெத்தது ஆறு, வளந்தது மூணு. நடுவுல இருக்கற மூணைப் பத்திக் கேக்க இப்ப யாரும் இல்ல. ஒரு காலத்துல அவங்களும் தூளியைப் பாத்துக் கேள்வி கேக்காம இருந்தவங்களாத்தான் இருந்திருப்பாங்க.

அப்பாவைப் பத்தி நீங்க கேப்பீங்க. அப்பாவுக்கு 2000 தெரியும். பஸ் ஸ்டாண்டு கதை தெரியாது, இந்தக் கட்டுரை வர்றதுக்கு முந்தின வாரம்தான் அம்மா சொன்னாங்க. ரொம்ப நேரம் தறி ஓடறதையே பாத்துட்டு நின்னாராம். அப்புறம், "அந்த வடைக்குக் காசு யாரு கொடுத்தது?"ன்னு கேட்டாராம். அது எந்த அர்த்தத்துலன்னு அம்மாவுக்கும் புரியல, எனக்கும் புரியல. அவர்கிட்ட இன்னும் நான் உக்காந்து பேசல.

ஏன் நம்ம பக்கம் இப்படி? தோட்டத்தைப் பங்கு போடக் கூடாது, பொண்ணுன்னா சீர், பவுன், கடைசி வரைக்கும் செலவுன்னு காரணம் சொல்லுவாங்க. ஆனா பஞ்சத்துல அடிபட்ட வீட்டுல மட்டும் இது நடக்கல. கிணத்துல மோட்டாரும், தறியும், லாரியும் வந்து காசு புழங்கின வீடுகள்லயும் நடந்துச்சு. காசு வந்தா சீரும் கூடவே ஏறுச்சு. குடும்பம் சிறுசாச்சு. கொள்ளுப்பாட்டி காலத்துல கேள்வி, எத்தனை பொண்ணை வளக்கறதுங்கிறது. அம்மா காலத்துல ரெண்டு புள்ளை போதும், அதுல ஒண்ணு பையனா இருந்தே ஆகணும்னு மாறிப்போச்சு. மெஷின் வந்ததும் அந்தக் கணக்கைப் போடறது சுலபமாச்சு. 1990 டிசம்பர்ல பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், உலகத்துல பத்துக் கோடிக்கும் மேல பெண்கள் காணாமப் போயிருக்காங்கன்னு ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பத்துக் கோடியும் இப்படி வீடு வீடாச் சேர்ந்த கணக்குதான்.

விளைவு என்னன்னு பாக்க நான் எங்கயும் போக வேண்டாம். எங்க சித்தப்பாவுக்கு முப்பத்தெட்டு வயசு வரைக்கும் பொண்ணு கிடைக்கல. தோட்டம் இருக்கு, தறி இருக்கு, தரகருங்க ஆயிரக்கணக்குல வாங்கிட்டாங்க, பொண்ணு இல்ல. கடைசில பாலக்காட்டுப் பக்கம் போய்க் கட்டிட்டு வந்தாங்க. கொங்குல நிறைய வீட்டுல இப்படிக் கேரளாவுல இருந்து மருமகள் வந்திருக்காங்கன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா ஒறம்பரைகிட்ட "பொண்ணு பொள்ளாச்சிப் பக்கம்"னுதான் எங்க வீட்டுல சொல்லி வெச்சிருக்காங்க. சித்தி பேசற தமிழைக் கேட்டா ரெண்டாவது வாக்கியத்துலயே தெரிஞ்சுடும். அதனால விசேஷ வீட்டுல அவங்க அதிகம் பேசறதில்ல. பழைய ரகசியம் ஒண்ணு புது ரகசியத்தைப் பெத்து, அதையும் ஒரு பொம்பளை தலைலயே வெச்சிருக்கு.

இது நம்ம மண்ணோட சாபம்னு நெனச்சுடாதீங்க. இதைப் பத்தித் தேடிட்டிருந்தப்பதான் அயர்லாந்துல டூயம்னு ஒரு சின்ன ஊரைப் பத்திப் படிச்சேன். அங்க கல்யாணம் ஆகாம கர்ப்பமான பொண்ணுங்களைக் கன்னியாஸ்திரிகள் நடத்தின ஒரு இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. 1925 முதல் 1961 வரை அது நடந்துச்சு. வீட்டுல அதைப் பத்திப் பேச்சே இருக்காது. கேத்ரின் கார்லெஸ்ங்கிற உள்ளூர் வரலாற்று ஆர்வலர், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துல கேட்டு வாங்கின பட்டியல்ல அந்த இல்லத்துல இறந்த குழந்தைகள் 796 பேர் இருந்தாங்க. அடக்கம் செஞ்சதுக்கான பதிவுகளைத் தேடினா கிடைக்கல. 2014இல் இது உலகச் செய்தியாச்சு. விசாரணை ஆணையம் வந்து, 2021 ஜனவரியில் அயர்லாந்துப் பிரதமர் நாடாளுமன்றத்துல மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவுக்குக் குடிபோன ஐரிஷ் குடும்பங்கள்லகூட, பாட்டி செத்த பிறகு, அவங்களுக்கு ஊர்ல இன்னொரு குழந்தை இருந்ததுன்னு பேத்திகளுக்குத் தெரிய வர்ற கதைகள் உண்டு. நம்ம 851ம் அவங்க 796ம் ஒரே மாதிரி எண்கள். ஊரே மூடி வெச்சதை ஒரு ரெஜிஸ்டர் எழுதி வெச்சிருந்துச்சு. யாரோ ஒருத்தர் உக்காந்து எண்ணினாங்க.

2011 கணக்கெடுப்புல சேலத்தோட எண் 900ஐத் தாண்டிடுச்சு. சட்டம், கண்காணிப்பு, படிப்பு, பொண்ணு கிடைக்காத பயம்னு எல்லாம் சேர்ந்து மாத்தியிருக்கும். அதுல எங்கயோ ஒரு மூலைல பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளும் இருக்கும்னு நான் நம்பறேன். எங்க அம்முச்சி மட்டும்தான் அப்படிப் பண்ணியிருப்பாங்களா என்ன?

இப்ப அக்கா அஞ்சு மாசம். பெருந்துறைல கட்டிக்கொடுத்திருக்கு. மாமா நல்லவர், மாமியாரும் "எதா இருந்தாலும் சரி"ன்னுதான் சொல்றாங்க. இருந்தாலும் போன மாசம் அம்மா அக்காவைத் தனியாக் கூட்டிட்டுப் போய் 1980, 2000, 2004 மூணையும் சொல்லிட்டாங்க. அக்கா எனக்கு போன் பண்ணி அழுதா. அப்புறம், "நமக்கு நடுவுல ஒருத்தி இருந்திருக்கா, இல்ல?"ன்னு கேட்டா. இருந்திருந்தா இப்ப இருபத்தஞ்சு வயசு. என்ன படிச்சிருப்பா, யார் மாதிரி இருந்திருப்பான்னு ஒரு மணி நேரம் பேசினோம். நான் கடைசிப் புள்ளை, ரெண்டாவது பொண்ணுன்னு இத்தனை நாள் எல்லா ஃபார்ம்லயும் எழுதியிருக்கேன். நான் மூணாவது.

அம்மாகிட்ட ஏன் இப்ப சொன்னீங்கன்னு கேட்டேன். "எங்கம்மா எனக்கு லேட்டாச் சொன்னாங்க. உனக்கும் அக்காளுக்கும் நேரத்துக்குச் சொல்லிடணும்னு தோணுச்சு. அவ வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் அவ தனியா இல்லைன்னு தெரிஞ்சிருக்கோணுமில்ல"ன்னாங்க.

இதைப் படிக்கற உங்கள்ல நிறையப் பேர் சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி, திருப்பூர்ப் பக்கம். செம் லீவுக்கு ஊருக்குப் போவீங்க. அம்முச்சியோ அப்பத்தாவோ இருந்தா, ஒரு நாள் அவங்க பக்கத்துல உக்காருங்க. விசேஷ வீட்டுல, நாலு பேர் முன்னாடி வேண்டாம். போனை எடுத்து ரெகார்ட் பண்ணவும் வேண்டாம். பொடக்காளில வெங்காயம் உரிச்சுக் கொடுத்துக்கிட்டே கேளுங்க. "உங்களுக்குப் பெத்தது எத்தனைங்க அம்முச்சி, வளந்தது எத்தனைங்க?" ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்தா சந்தோஷம். காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னா, அது உண்மையாவே இருக்கலாம், அந்தக் குழந்தைக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்கன்னு கேளுங்க. "அதையேன் இப்ப கேக்கறே"ன்னு எந்திரிச்சுப் போயிட்டா விட்டுடுங்க, துரத்தாதீங்க. அது அவங்க உரிமை. ஆனா கேக்க ஒரு ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

பையனுங்களும் கேக்கலாம். சொல்லப்போனா நீங்கதான் முதல்ல கேக்கணும்.

அம்முச்சிக்கு இப்ப ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது. 1980இல் பிறந்தவளுக்கு என்ன பேர் வைக்கறதா இருந்தீங்கன்னு போன வாரம் கேட்டேன். மூணு நாள்தானே இருந்துச்சு, பேரெல்லாம் யோசிக்கலன்னாங்க. அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கு ஹாஸ்டலுக்கு போன். ஒரு பேர் சொல்லிட்டு, "இதுதான் நெனச்சிருந்தேன், இப்பத்தான் ஞாபகம் வந்துது"ன்னு வெச்சுட்டாங்க. அந்தப் பேரை நான் இங்க எழுதல. அக்காவுக்குப் பொண்ணு பிறந்தா வைக்கலாமான்னு வீட்டுல பேசிட்டிருக்கோம்.